எரிபொருளுக்குள் ஆற்றல் எங்கே இருக்கிறது?

என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஒருநாள் கைபேசியில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினான். ஒருவர் வண்டியின் டேங்கில் தண்ணீரை ஊற்றுகிறார், வண்டி கிளம்பி ஓடுகிறது. "மாமா, ஹைட்ரஜன் எரியும். ஆக்சிஜன் எரிய வைக்கும். தண்ணி இந்த ரெண்டும் சேர்ந்ததுதானே? அப்போ தண்ணி நல்லா எரியணுமே, ஏன் தீயை அணைக்குது?" என்று கேட்டான்.

அருமையான கேள்வி. பெரியவர்கள் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பெட்ரோலுக்குள் ஆற்றல் அடைந்து கிடக்கிறது, தீக்குச்சியைக் காட்டினால் அது விடுபட்டு வெளியே வருகிறது என்பதுதான் பொதுவான நினைப்பு. நானும் கல்லூரி முடிக்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் பாதி சரி. மீதிப் பாதி தவறு. அந்தத் தவறான பாதியால்தான் தண்ணீரில் ஓடும் வண்டியைப் படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள். அதனால் அடியிலிருந்து ஆரம்பிப்போம். வேதியியல் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு மெழுகுவர்த்தி போதும்.

## எரிவது மெழுகா, திரியா?

மெழுகுவர்த்தியை ஏற்றி இரண்டு நிமிடம் எரிய விடுங்கள். திரியைச் சுற்றி மெழுகு உருகி ஒரு சிறு குளம்போல நிற்கும். இப்போது மெல்ல ஊதி அணைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். திரியின் நுனியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை இழை எழும்பும். எரியும் தீக்குச்சி ஒன்றைத் தயாராக வைத்திருந்து, திரியைத் தொடாமல், இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே அந்தப் புகை இழையில் காட்டுங்கள். தீ புகை வழியாகக் கீழே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். முதல் தடவை தவறினால் மறுபடி செய்து பாருங்கள், காற்று அசையாத இடத்தில் கட்டாயம் வரும். சிறுவர்கள் செய்தால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

அந்த வெள்ளைப் புகை மெழுகுதான். சூட்டில் ஆவியாகி, வெளியே வந்ததும் குளிர்ந்து நுண்துளிகளாக மாறிய மெழுகு. தீ ஏறி ஓடியது அதன் மேல்தான். கட்டியாக இருக்கும் மெழுகு எரிவதில்லை, உருகிய மெழுகும் எரிவதில்லை. திரி உருகிய மெழுகை உறிஞ்சி மேலே கொண்டுபோகிறது. நுனியில் அது ஆவியாகிறது. அந்த ஆவி காற்றோடு கலந்து எரிகிறது. ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே லண்டனில் சிறுவர்களுக்காக நடத்திய மெழுகுவர்த்தி உரைகளில் இதை இன்னும் அழகாகக் காட்டினார். சுடரின் நடுவே திரியை ஒட்டி ஓர் இருண்ட பகுதி இருக்கிறதல்லவா, அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாயின் முனையை நுழைத்தார். மெழுகாவி குழாய் வழியே வெளியே வந்தது. மறுமுனையில் தீ வைத்தார், அங்கே இன்னொரு சுடர் எரிந்தது.

விறகுக்கும் இதே கதைதான். விறகைச் சூடாக்கும்போது முதலில் அதிலிருக்கும் ஈரம் ஆவியாகிப் போகிறது. அப்புறம் மரம் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களை வெளியே தள்ளுகிறது. நாம் பார்க்கும் தீ நாக்குகள் அந்த வாயுக்கள் எரிவதால் வருபவை. வாயுவெல்லாம் போனபின் எஞ்சுவது கரி. கரி மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. அது ஆவியாவதில்லை, காற்று வந்து படும் மேற்பரப்பிலேயே எரிகிறது. அதனால்தான் தணலில் சுடர் எழாமல் சிவப்பாகக் கனல்கிறது. ஈர விறகு ஏன் எரிய மறுக்கிறது என்பதும் இங்கேயே விளங்கும். ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்கவே சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். தீயின் வருமானம் முழுக்க அந்தச் செலவுக்கே போய்விடுகிறது. (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு. ஆயிரம் ஜூல் ஒரு கிலோஜூல், பத்து லட்சம் ஜூல் ஒரு மெகாஜூல்.)

இதுவரை பார்த்தது: பெரும்பாலான எரிபொருள்கள் ஆவியாகவோ வாயுவாகவோ மாறிய பிறகுதான் எரிகின்றன. திண்மமும் திரவமும் அந்த ஆவியைத் தரும் கிடங்கு மட்டுமே.

## பாதிக் கதை காற்றில் இருக்கிறது

"எரிந்து போய்விட்டது" என்று சொல்கிறோம். எங்கே போனது? பதினெட்டாம் நூற்றாண்டில் பெரிய அறிஞர்களே இதில் குழம்பிக் கிடந்தார்கள். எரியும் பொருள் ஒவ்வொன்றிலும் ஃபிளோஜிஸ்டன் என்ற ஏதோ ஒன்று இருக்கிறது, எரியும்போது அது வெளியேறுகிறது, அதனால்தான் சாம்பல் மட்டும் மிஞ்சுகிறது என்பது அன்றைய கோட்பாடு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இன்று நம்மில் பலர் மனதில் இருக்கும் படமும் கிட்டத்தட்ட இதுதான், ஃபிளோஜிஸ்டன் என்ற இடத்தில் ஆற்றல் என்று போட்டுக்கொள்கிறோம், அவ்வளவே.

பிரான்சில் லவாய்சியர் என்ற வேதியியலாளர் தராசை எடுத்தார். 1772-இல் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் எரித்து எடை போட்டபோது, எரிந்தபின் எடை கூடியிருந்தது. எதுவோ வெளியே போயிருந்தால் எடை குறைந்திருக்க வேண்டும். கூடியிருக்கிறது என்றால் எதுவோ உள்ளே வந்திருக்கிறது. அந்த எதுவோ காற்றின் ஒரு பகுதி என்று அவர் அடுத்த சில ஆண்டுகளில் நிறுவினார். அதற்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அடுத்து வந்த வேதியியல் முழுக்க அந்தத் தராசின் மேல் எழுந்தது என்றே நான் சொல்வேன்.

பாத்திரம் தேய்க்கும் மெல்லிய இரும்பு நாரை எரித்தாலும் இதே முடிவு வரும். எரிந்தபின் நிறுத்துப் பார்த்தால் முன்னைவிடக் கனமாக இருக்கும். மெழுகுவர்த்தி மட்டும் ஏன் இளைக்கிறது? அது எரிந்து உண்டாகும் பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத வாயுக்கள், காற்றோடு போய்விடுகின்றன. அவற்றை விடாமல் பிடித்து எடை போட்டால் மெழுகின் எடையைவிட மிக அதிகமாக இருக்கும்.

எவ்வளவு அதிகம்? இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறில் ஒரு கார்பன் அணு, நான்கு ஹைட்ரஜன் அணுக்கள். மூலக்கூறு என்பது அணுக்கள் சில ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும் ஒரு சிறு கூட்டம். ஒரு கிலோ மீத்தேன் முழுமையாக எரிய 4 கிலோ ஆக்சிஜன் வேண்டும். எரிந்தபின் 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 2.25 கிலோ நீராவியும் கிடைக்கும். உள்ளே போனது 5 கிலோ, வெளியே வந்ததும் 5 கிலோ. ஒரு அணுகூடக் காணாமல் போகவில்லை. கார்பன் ஓர் ஆக்சிஜன் ஜோடியோடு சேர்ந்துகொண்டது, ஹைட்ரஜன்கள் மீதி ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராயின. ஜோடி மாறியது, அவ்வளவுதான்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான், அது எப்படி 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடைக் கக்கும் என்று சந்தேகப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கு சரிதான். கூடுதல் எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனுடையது. எரியும் வேலையில் எடைக்கணக்குப்படி பெரிய பங்காளி காற்றுதான். அது எங்கும் இலவசமாகக் கிடைப்பதால் அதை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. காற்றில்லாத வெளிக்குப் போகும் ராக்கெட்டுக்கு அந்த வசதி கிடையாது. அது எரிபொருளோடு ஆக்சிஜனையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும்.

சரி, இப்போது எரிதல் என்ற சொல்லுக்கு ஒரு வரையறை சொல்லிவிடலாம். ஒரு பொருள் ஆக்சிஜனோடு வேகமாகச் சேர்ந்து, அதில் பிறக்கும் வெப்பத்தாலேயே தொடர்ந்து நடந்து, ஒளியும் வெப்பமும் தருவதுதான் எரிதல்.

## ஆற்றல் உண்மையில் எங்கிருந்து வருகிறது?

கட்டுரையின் மையம் இதுதான். இங்கே மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு காந்தங்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருப்பவற்றைப் பிரிக்கக் கை வலிக்க இழுக்க வேண்டும். விட்டுவிட்டால் தாமாகவே பாய்ந்து 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். பிரிப்பது செலவு. ஒட்டுவது வரவு. அந்த 'டக்' என்ற ஒலியும், தெரியாத அளவுக்கு உண்டாகும் சூடும்தான் வரவு. காந்தம் எவ்வளவு வலிமையோ அவ்வளவு பலமாக மோதும்.

அணுக்களும் இப்படித்தான். இரண்டு அணுக்களை ஒட்டவைத்திருக்கும் கவர்ச்சிக்குப் பிணைப்பு என்று பெயர். எந்தப் பிணைப்பாக இருந்தாலும் அதை உடைக்க ஆற்றல் செலவாகும், புதிதாக உண்டானால் ஆற்றல் வெளிப்படும். இதற்கு விலக்கே கிடையாது. "பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவருகிறது" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள். அது தலைகீழ். உடைப்பதற்குக் கொடுக்க வேண்டும், சேரும்போதுதான் கிடைக்கும்.

அப்படியானால் எரியும்போது ஏன் லாபம் வருகிறது? பழைய பிணைப்புகளை உடைக்க ஆகும் செலவைவிட, புதிய பிணைப்புகள் உண்டாகும்போது கிடைக்கும் வரவு அதிகம். மறுபடியும் மீத்தேனுக்கே போவோம். 16 கிராம் மீத்தேனும் 64 கிராம் ஆக்சிஜனும் எடுத்துக்கொண்டால் தோராயக் கணக்கு இப்படி வரும். மீத்தேனைக் கார்பனாகவும் ஹைட்ரஜனாகவும் பிய்த்துப் போட சுமார் 1,650 கிலோஜூல் செலவு. காற்றில் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் ஜோடிகளைப் பிரிக்க ஏறக்குறைய 1,000 கிலோஜூல். மொத்தச் செலவு 2,650. இப்போது அணுக்கள் புதிதாகச் சேர்கின்றன. கார்பன் டை ஆக்சைடு உண்டாகும்போது கிட்டத்தட்ட 1,600, தண்ணீர் உண்டாகும்போது 1,850 கிலோஜூல் கிடைக்கிறது. மொத்த வரவு 3,450. செலவைக் கழித்தால் 800 கிலோஜூல் மிச்சம். அடுப்பில் நமக்குக் கிடைக்கும் வெப்பம் இந்த மிச்சம்தான்.

இந்தக் கணக்கில் ஆக்சிஜனின் பங்கைக் கவனியுங்கள். இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் தங்களுக்குள் பிடித்திருக்கும் பிடி, அவை கார்பனோடும் ஹைட்ரஜனோடும் போடும் பிடியை ஒப்பிட்டால் தளர்வானது. தளர்ந்த பிடியை விட்டு இறுகிய பிடிக்குப் போகிறது ஆக்சிஜன். லாபத்தின் பெரும்பகுதி அந்த மாற்றத்தில்தான் பிறக்கிறது. ஆகவே ஆற்றல் பெட்ரோலுக்குள் மட்டும் இருக்கிறது என்று சொல்வது, பிரித்து வைத்த இரண்டு காந்தங்களில் ஒன்றை மட்டும் காட்டி "மோதும் வேகம் இதற்குள்தான் இருக்கிறது" என்பதுபோல ஆகும். ஆற்றல் அந்த ஜோடிக்கு உரியது. எரிபொருளும் ஆக்சிஜனும் இன்னும் சேராமல் தனித்தனியே இருக்கும் அந்த நிலையில்தான் அது இருக்கிறது. ஆக்சிஜனே இல்லாத ஓர் உலகத்தில் பெட்ரோல் டேங்க் ஒரு நாற்றமடிக்கும் திரவத் தொட்டி, வேறொன்றுமில்லை.

சுருக்கமாக: உடைப்பது செலவு, சேர்வது வரவு. வரவு செலவை மிஞ்சினால் வெப்பம். ஆக்சிஜனோடு இன்னும் சேராமல், சேர்ந்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும் அணுக்கள் எதில் நிறைய இருக்கின்றனவோ அதுவே நல்ல எரிபொருள்.

## லாபம் வரும் என்றால் ஏன் தானாக எரிவதில்லை?

சுற்றிலும் காற்று இருக்கிறது, நடுவில் மரமும் காகிதமும் துணியும் இருக்கின்றன. எரிந்தால் லாபம். பிறகு ஏன் எல்லாம் இந்நேரம் எரிந்து முடியவில்லை?

மலை உச்சியில் ஒரு சிறு குழிக்குள் கிடக்கும் பாறையை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே உருள அதற்கு ஆயிரம் அடி இருக்கிறது. ஆனால் குழியின் விளிம்பை முதலில் தாண்ட வேண்டும். யாராவது ஒருவர் அரை அடி தூக்கிவிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். எரிதலிலும் முதலில் சில பிணைப்புகளை உடைக்கச் சிறு செலவு செய்தாக வேண்டும். அந்த முன்செலவுக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். தீக்குச்சியும் தீப்பொறியும் செய்வது அதை மட்டும்தான். ஒரு மூலக்கூறு எரிந்து கொடுக்கும் வெப்பம் பக்கத்திலிருக்கும் மூலக்கூறுகளை விளிம்பைத் தாண்ட வைக்கிறது, அவை இன்னும் சிலவற்றைத் தாண்ட வைக்கின்றன. ஒரு சிறு பொறி காட்டையே எரிப்பது இந்தச் சங்கிலியால்தான்.

அந்தச் சங்கிலி அறுந்தால் தீ அணையும். அறுக்க மூன்று வழிகள் உண்டு: எரிபொருளை நிறுத்துவது, காற்றை மறைப்பது, சூட்டைத் தணிப்பது. தண்ணீர் பெரும்பாலும் மூன்றாவது வேலையைச் செய்கிறது. ஆவியாகும்போது பெருமளவு வெப்பத்தை விழுங்கிக்கொள்கிறது. ஆனால் எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடிக்குப் போய்விடும். அங்கே கொதித்து ஒரே கணத்தில் ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயை மேலே வாரி இறைக்கும். அடுப்பை அணைத்துவிட்டுப் பொருத்தமான மூடியால் மூடுங்கள், சூடு ஆறும்வரை திறக்காதீர்கள். காற்று கிடைக்காமல் தீ தானே அடங்கும்.

பெட்ரோலையும் டீசலையும் பற்றி நிலவும் ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். "எளிதில் தீப்பிடிக்கும்" என்ற ஒரே சொற்றொடரில் நாம் இரண்டு வேறு குணங்களைப் போட்டுக் கலக்குகிறோம். பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை விடுகிறது. அதனால் எந்தப் பருவத்திலும் ஒரு பொறி பட்டால் போதும். டீசலுக்கு அந்த அளவு ஆவி வர 50 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும், அதனால் சாதாரணச் சூட்டில் அது சட்டென்று பற்றுவதில்லை. ஆனால் பொறியே இல்லாமல் சூட்டில் தானாகப் பற்றும் வெப்பநிலை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு எரிவெப்பநிலை என்று பெயர். அதில் நிலைமை தலைகீழ். டீசல் பெட்ரோலைவிடக் குறைந்த சூட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்கிறது. டீசல் எஞ்சினில் பொறி தரும் பிளக் இல்லாததற்குக் காரணம் இதுதான். காற்றை இறுக்கி அழுத்தினால் அது பழுக்கச் சூடாகிறது, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே எரிகிறது.

கலவையின் அளவும் முக்கியம். காற்றில் மீத்தேன் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் பற்றாது, சுமார் 15 சதவீதத்துக்கு மேல் போனாலும் பற்றாது, அப்போது ஆக்சிஜன் போதாமல் போகிறது. இடையில் இருந்தால் ஆபத்து. மூடிய அறையில் வாயு கசிந்த நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது, முதலில் கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். சுவிட்சுக்குள் எழும் கண்ணுக்குத் தெரியாத பொறிகூட அந்தப் பாறையைக் குழியிலிருந்து தூக்கிவிடப் போதுமானது.

## மஞ்சள் சுடரும் நீலச் சுடரும்

ஒரு ஸ்டீல் கரண்டியின் பின்புறத்தை மெழுகுவர்த்திச் சுடரின் மஞ்சள் பகுதியில் மூன்று விநாடி பிடித்து எடுங்கள். கறுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும், விரலால் தொட்டால் மை போல வழுவழுப்பாக வரும். அது கார்பன். சுடரின் உட்பகுதிக்குப் போதுமான ஆக்சிஜன் போய்ச் சேராததால் எரியாமல் நின்ற கார்பன் துகள்கள், சூட்டில் இரும்பு பழுப்பதுபோல ஒளிர்கின்றன. மெழுகுவர்த்தியின் மஞ்சள் வெளிச்சம் முழுக்க அந்தத் துகள்கள் தருவதுதான். சுடரின் வெளி ஓரத்துக்கு வரும்போது அவையும் எரிந்துவிடுகின்றன. நீங்கள் கரண்டியை நீட்டி நடுவிலேயே குளிர்வித்துப் பிடித்துவிட்டீர்கள்.

வாயு அடுப்பில் எரிவதற்கு முன்பே காற்று கலந்துவிடுகிறது. கரித்துகள் உண்டாக வாய்ப்பில்லை, அதனால் சுடர் நீலமாக இருக்கிறது. எப்போதும் நீலமாக எரியும் அடுப்பு மஞ்சளாக எரிய ஆரம்பித்தால் பர்னரின் துளை அடைத்திருக்கலாம், காற்று சரியாகக் கலக்கவில்லை என்று பொருள்.

ஆக்சிஜன் போதாமல் அரைகுறையாக எரிவதற்கு முழுமையற்ற எரிதல் என்று பெயர். இதில் வெப்பம் குறைவது ஒரு நஷ்டம். உயிரைக் குடிக்கும் நஷ்டம் வேறொன்று. கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன் கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்றே கிடைத்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. மூச்சு வந்துகொண்டே இருக்கும், உடலுக்கு ஆக்சிஜன் போகாது. தலைவலி, மயக்கம், தூக்கம், அப்புறம் எழுந்திருப்பதே இல்லை. குளிருக்குக் கதவடைத்துக் கரி மூட்டிப் படுப்பதும், மூடிய கொட்டகைக்குள் ஜெனரேட்டர் ஓட்டுவதும் கொல்வது இப்படித்தான். புகை இல்லையே, கங்குதானே என்று எண்ணுவதே பெரிய ஏமாற்றம். கங்கில் புகை இருக்காது, கார்பன் மோனாக்சைடு இருக்கும். இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இந்தப் பத்தி நினைவில் இருக்கட்டும்.

## அளவு வேறு, வேகம் வேறு

ஒரு கிலோ எரிபொருள் முழுமையாக எரிந்தால் எவ்வளவு வெப்பம் கிடைக்கும் என்பதற்குக் கலோரி மதிப்பு என்று பெயர். தோராயமாகச் சொன்னால் காய்ந்த விறகுக்கு 16 மெகாஜூல், எத்தனாலுக்கு 27, பெட்ரோலுக்கு 44, மீத்தேனுக்கு 50, ஹைட்ரஜனுக்கு 120. ஒரு லிட்டர் பெட்ரோலின் வெப்பம் வீணாகாமல் கிடைத்தால் 20 டிகிரியில் இருக்கும் கிட்டத்தட்ட 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

விறகும் எத்தனாலும் ஏன் பின்தங்குகின்றன? முன்பு சொன்னதை நினைத்துப் பாருங்கள். மரத்தின் மூலக்கூறுகளில் ஏற்கனவே நிறைய ஆக்சிஜன் இருக்கிறது, எத்தனாலிலும் ஓர் ஆக்சிஜன் அணு உட்கார்ந்திருக்கிறது. அதாவது அவை ஓரளவு எரிந்து முடிந்தவை. மீதி எரிய வேண்டியது அந்த அளவுக்குக் குறைவு. ஹைட்ரஜன் முதலிடத்தில் இருப்பதற்கு அதன் அணு மிக இலேசானது என்பதும் ஒரு காரணம், ஒரு கிலோவில் எண்ணிக்கை அதிகம். ஆனால் அதே இலேசுதான் அதன் தொல்லையும். சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் 11,000 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அழுத்தி அடைக்காமல் வண்டியில் எடுத்துப் போக முடியாது.

இன்னொரு தவறான நினைப்பு: வெடிக்கும் பொருளில் ஆற்றல் அதிகம் என்பது. டிஎன்டி வெடிமருந்தில் ஒரு கிராமுக்குச் சுமார் 4 கிலோஜூல்தான். சர்க்கரை ஒரு கிராம் எரிந்தால் 16 கிலோஜூலுக்கு மேல் தரும், பெட்ரோல் 44 தரும். வெடிமருந்தின் பயங்கரம் அளவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. அது ஆக்சிஜனைத் தன் மூலக்கூறுக்குள்ளேயே வைத்திருக்கிறது, காற்று வந்து கலக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மெழுகுவர்த்தி காத்திருக்கிறது, அதனால் மணிக்கணக்கில் எரிகிறது. நுண்ணிய மாவுத் தூசி காற்றில் பரவி நின்றால் ஆலையே வெடிக்கும் அளவுக்குப் பற்றுவதும் இதே காரணத்தால். மூட்டையில் இருக்கும்போது மேல்பரப்புக்கு மட்டும்தான் காற்று. தூசியாகிவிட்டால் ஒவ்வொரு துகளையும் காற்று சூழ்ந்துகொள்கிறது.

இப்போது கையில் இருப்பவை: எவ்வளவு வெப்பம் என்பதை மூலக்கூறு முடிவு செய்கிறது. எவ்வளவு வேகம் என்பதை ஆக்சிஜன் எவ்வளவு நெருக்கமாகக் கலந்திருக்கிறது என்பது முடிவு செய்கிறது.

## தண்ணீர் ஏன் எரியாது?

அக்கா மகனுக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை. மெழுகுவர்த்தியை ஏற்றி, ஒரு டம்ளரில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, அடிப்பகுதி சுடருக்கு ஓர் அங்குலம் மேலே இருக்கும்படி சில விநாடி பிடிக்கச் சொன்னேன். பளபளவென்று இருந்த அடிப்பகுதியில் ஆவி படிந்ததுபோல ஒரு மங்கல். விரலால் தடவினான், ஈரம்.

"டம்ளர் ஒழுகுதா மாமா?"

ஒழுகவில்லை. மெழுகில் இருந்த ஹைட்ரஜன் காற்றில் இருந்த ஆக்சிஜனோடு சேர்ந்து அப்போதுதான் பிறந்த தண்ணீர் அது. மெழுகு, விறகு, பெட்ரோல் என ஹைட்ரஜன் உள்ள எது எரிந்தாலும் தண்ணீர் உண்டாகிறது, சூட்டில் ஆவியாக இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை மறுபடி எரிக்க முடியுமா? அதில் இருக்கும் ஹைட்ரஜனுக்கு ஆக்சிஜன் ஏற்கனவே கிடைத்துவிட்டது, இறுகப் பிடித்துக்கொண்டும் ஆயிற்று. காந்தங்கள் ஒட்டிவிட்டன. மறுபடி 'டக்' கேட்க வேண்டுமென்றால் முதலில் யாராவது பிரிக்க வேண்டும். பிரிக்க ஆகும் செலவு, மறுபடி சேரும்போது கிடைக்கும் வரவுக்குச் சமம். நடைமுறையில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே செலவாகும். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 9 கிலோ தண்ணீரைப் பிரிக்க வேண்டும். இன்றைய மின்பகுப்புக் கருவிகள் அதற்கு 50 யூனிட் மின்சாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. அந்த ஹைட்ரஜனை எஞ்சினில் எரித்தால் 33 யூனிட்டுக்கு ஈடான வெப்பம் வரும், அதிலும் ஒரு பகுதிதான் சக்கரத்துக்குப் போகும். ஹைட்ரஜன் வண்டிகள் பொய்யில்லை. ஆனால் அங்கே ஹைட்ரஜன் செய்வது மின்சாரத்தைச் சுமந்து வரும் வேலையை. வீடியோவில் அந்த வண்டி உண்மையிலேயே ஓடியிருந்தால், தண்ணீரைத் தவிர வேறேதோ அதை ஓட்டியிருக்கிறது.

"அப்போ மெழுகையும் பெட்ரோலையும் ஆக்சிஜன்கிட்ட இருந்து யார் பிரிச்சு வச்சாங்க?" என்று அடுத்ததாகக் கேட்டான். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை, கேட்டதும் மனம் நிறைந்துவிட்டது.

பிரித்து வைத்தது சூரிய ஒளி. இலை கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்கிறது. இரண்டுமே எரிந்து முடிந்த சாம்பல்கள். வெயிலின் ஆற்றலைச் செலவழித்து அது தண்ணீரைப் பிளக்கிறது, ஹைட்ரஜனைக் கார்பனோடு சேர்த்துச் சர்க்கரையாக்கி மரமாக வளர்கிறது, ஆக்சிஜனைக் காற்றில் விடுகிறது. கடலில் மிதந்த நுண்ணுயிர்களும் இதையே செய்தன. அவை மடிந்து சேற்றில் புதைந்து, மண்ணின் அழுத்தத்திலும் சூட்டிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து பெட்ரோலியம் ஆயின. சதுப்பு நிலக் காடுகள் நிலக்கரி ஆயின. ஒரு காந்தம் பூமிக்கு அடியில், இன்னொன்று மேலே காற்றில்.

நம் மெழுகுவர்த்தியின் மெழுகும் பெட்ரோலியத்திலிருந்து எடுத்ததுதான். டம்ளரின் அடியில் படிந்திருந்த ஈரத்தை அவன் இன்னொரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தான். அந்த ஹைட்ரஜன் கடைசியாகத் தண்ணீராக இருந்தது, மனிதர்களே இல்லாத ஒரு காலத்துக் கடலில்.